கமிஷனைக் கூட்டிக் கேட்கலாமா?

 

வயலில் இறங்கி வேலை செய்பவர் கூலியை உயர்த்திக் கேட்டால் அதனை உரிமை என்கிறோம். பள்ளிக்கூட ஆசிரியர் சம்பள உயர்வு கேட்டால் அதனையும் உரிமை என்றே ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒரு பொருளை வாங்குபவரிடமும் விற்பவரிடமும் நடையாய் நடந்து, இருவரையும் சேர்த்துவைக்கும் தரகர் தமது கமிஷனைச் சற்றே கூட்டிக் கேட்டால் மட்டும், 'உட்கார்ந்து தின்னப் பார்க்கிறான்' என்று ஊர் முகம் சுளிக்கிறது. இந்த முகச்சுளிப்பு முழுவதும் நியாயமானதா? அல்லது நியாயமும் அநியாயமும் அதில் கலந்து கிடக்கின்றனவா? தரகுக் கூலியைப் பெறுவதற்கும், உயர்த்திக் கேட்பதற்கும் மார்க்கம் எத்தகைய வரம்புகளை வகுத்துள்ளது? இவற்றைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தச் சிந்தனை இன்று நம் வீடுகளுக்கு மிகவும் தேவைப்படுகிறது. ஏனெனில் தரகு என்பது மண்டியிலும் மாட்டுச் சந்தையிலும் மட்டும் நடந்த காலம் போய்விட்டது. கைப்பேசியை வைத்திருக்கும் கல்லூரி மாணவரும், அடுப்படி வேலை முடித்து அமர்ந்திருக்கும் இல்லத்தரசியும் இன்று தரகர்களாகி இருக்கிறார்கள். ஒரு பொருளின் படத்தையும் அதனை வாங்குவதற்கான இணைப்பையும் உறவினர்களுக்கு அனுப்புகிறார்கள்; அவ்வழியே யாரேனும் வாங்கினால் இவர்கள் கணக்கில் ஒரு தொகை சேருகிறது. இதனை 'அஃபிலியேட்' வியாபாரம் என்கிறார்கள். பெயர்தான் புதியது, வேலை பழையது.

நம் வட்டாரத்தில் தரகு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்தாருக்குத் தரகு புதிதன்று. 1995-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்து பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து பிரிந்த அரியலூர், 2007 நவம்பர் முதல் தனி மாவட்டமாக விளங்குகிறது. இவ்வட்டாரத்தின் பொருளாதாரம் பெரும்பாலும் கைமாறும் பொருள்களைச் சார்ந்தது. தமிழகத்தில் சின்ன வெங்காயத்தையும் மக்காச்சோளத்தையும் மிகுதியாக விளைவிக்கும் மாவட்டங்களுள் பெரம்பலூர் முன்னணியில் நிற்கிறது. பருத்தியும் இங்கே பெயர் பெற்ற பயிர். அரியலூர்ப் பக்கம் சென்றால் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலைகளும். ஜெயங்கொண்டம், செந்துறை, ஆண்டிமடம் பகுதிகளில் முந்திரி.

செட்டிகுளம் பக்கத்து விவசாயி வெங்காயத்தை அறுத்துப் பட்டறை போட்டு வைத்திருக்கிறார். வியாபாரி திருச்சியில் இருக்கிறார். இருவரையும் இணைப்பவர் தரகர். மாட்டுச் சந்தைகளில் துண்டால் கையை மூடிக்கொண்டு விரல்களைப் பிடித்து விலை பேசும் தரகர்களை நம் பெரியவர்கள் நன்கறிவார்கள். விற்பவருக்கு வாங்குபவரைத் தெரியாது. வாங்குபவருக்கு விற்பவரைத் தெரியாது. இந்த இரண்டு அறியாமைகளுக்கும் நடுவே நின்று பாலம் அமைப்பது ஓர் உழைப்பே. பாலம் அமைப்பவர் நேர்மையானவராக இருந்தால் இரு கரையினரும் நன்மை அடைவர். அவரே இரு பக்கத்து அறியாமையையும் விலைக்கு விற்பவராக இருந்தால் இரு கரையினரும் ஆற்றில் விழுவர்.

மார்க்கம் இதனை எப்படிப் பார்க்கிறது?

அரபு மொழியில் தரகருக்கு 'ஸிம்ஸார்' என்றும், தரகு வேலைக்கு 'ஸம்ஸரா' என்றும் பெயர். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹ் தொகுப்பில், கூலிக்கு அமர்த்துதல் பற்றிய பகுதியில், தரகுக் கூலிக்கென்றே தனித் தலைப்பு அமைத்திருக்கிறார்கள். இப்னு ஸீரீன், அதா, இப்ராஹீம், ஹஸன் (ரஹ்) ஆகிய தாபிஈன்கள் தரகர் பெறும் கூலியில் குற்றம் காணவில்லை என்பதை அத்தலைப்பிலேயே குறிப்பிடுகிறார்கள். ஒரு துணியைக் கொடுத்து, 'இன்ன விலைக்கு விற்றுக் கொடு. அதற்கு மேல் கிடைப்பது உனக்கு' என்று பேசிக்கொள்வதிலும் தவறில்லை என்ற இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கருத்தும் அங்கே இடம்பெறுகிறது.

இன்னொரு செய்தியும் நம் நெஞ்சில் நிற்க வேண்டும். மதீனத்துச் சந்தையில் வியாபாரம் செய்தோர் தம்மைத் 'தரகர்கள்' என்ற பெயராலேயே அழைத்து வந்தனர். நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அதைவிட அழகிய பெயரான 'வணிகர்கள்' என்பதைக் கொண்டு அவர்களை அழைத்தார்கள். வியாபாரத்தில் வீண்பேச்சும் சத்தியமும் கலந்துவிடுகின்றன. ஆகவே அதனோடு தர்மத்தையும் கலந்துகொள்ளுங்கள் என்னும் கருத்தில் அறிவுரையும் கூறினார்கள். கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ முதலிய தொகுப்புகளில் உள்ளது. வேலையை இழிவாகக் கருதி விரட்டவில்லை; வேலைக்காரர்களுக்கு மேலான பெயர் சூட்டி, அவ்வேலையில் ஒட்டிக்கொள்ளும் அழுக்கைக் கழுவும் வழியையும் காட்டினார்கள்.

காரியம் முடிந்தால்தான் கூலி என்ற ஏற்பாட்டுக்கு ஃபிக்ஹ் நூல்களில் 'ஜுஆலா' என்று பெயர். யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில், காணாமற்போன அரச குவளையைக் கொண்டுவருவோருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் தரப்படும் என அறிவிக்கப்பட்டதை அல்குர்ஆனின் 12-ஆம் அத்தியாயம் கூறுகிறது. அறிஞர் பெருமக்கள் ஜுஆலாவுக்கு அதனை ஆதாரமாகக் காட்டுவர். விற்பனை நடந்தால் மட்டும் கமிஷன் என்னும் இன்றைய ஏற்பாடு இதற்கு மிகவும் நெருக்கமானது. நூற்றுக்கு இவ்வளவு என்று விகிதமாகக் கூலி பேசுவது பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கூலியின் தொகை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சிலர் தயங்கினர். மக்களின் தேவையையும் வழக்கத்தையும் கருதிப் பிற்கால அறிஞர்கள் பலர் அனுமதித்தனர். தங்கள் மத்ஹபின் விளக்கத்தை உள்ளூர் ஆலிம்களிடம் கேட்டறிவது நலம்.

நான்கு ஒட்டகங்கள்

சரி, தரகு ஆகும். கூட்டிக் கேட்பது ஆகுமா? ஸீரா நூல்களில் உள்ள ஒரு நிகழ்ச்சியை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

மக்காவின் வணிகச் சீமாட்டியான அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்கள் தமது சரக்குகளைப் பிறர் மூலம் சிரியாவுக்கு அனுப்பி வந்தார்கள். முஹம்மது (ஸல்) அவர்களின் வாய்மையையும் நம்பகத்தன்மையையும் கேள்வியுற்று, மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிடச் சிறந்த கூலி தருவதாக அழைத்தார்கள் என்று இப்னு இஸ்ஹாக் (ரஹ்) எழுதுகிறார்கள். இப்னு ஸஅத் (ரஹ்) பதிவு செய்துள்ள ஒரு செய்தியோ இன்னும் விரிவானது. கதீஜா நாயகி வேறொருவரை இரண்டு இள ஒட்டகங்கள் கூலிக்கு அமர்த்தியிருப்பதை அபூதாலிப் அறிகிறார். தம் சகோதரர் மகனுக்கு அந்தக் கூலி போதாது என்று கருதி, நேரே சென்று நான்கு ஒட்டகங்கள் கேட்கிறார். வேண்டாத அந்நியர் ஒருவருக்காக நீங்கள் இதனைக் கேட்டிருந்தாலும் தந்திருப்பேன். நெருங்கிய அன்புக்குரியவருக்காகக் கேட்கும்போது மறுப்பேனா என்ற பொருளில் கதீஜா நாயகி மறுமொழி தந்தார்கள்.

இது நுபுவ்வத்துக்கு முந்திய வரலாற்றுச் செய்தி. சட்டம் எடுப்பதற்காக அன்றி, படிப்பினை பெறுவதற்காகவே இதனை எடுத்துக் காட்டுகிறோம். இதிலுள்ள ஒழுங்கைப் பாருங்கள். முதலாவதாக, நடப்புக் கூலி எவ்வளவு என்பதை அபூதாலிப் விசாரித்து அறிந்திருந்தார். இரண்டாவதாக, 'பார்த்துக் கொடுங்கள்' என்று மழுப்பாமல், நான்கு என்று எண்ணிக்கை சொல்லிக் கேட்டார். மூன்றாவதாக, வணிகக் கூட்டம் புறப்படுவதற்கு முன்பே கேட்டார். பாதி வழியில் சரக்கை நிறுத்திவைத்துக்கொண்டு கேட்கவில்லை. நான்காவதாக, கேட்டதற்குப் பின்னால் ஒரு தகுதி இருந்தது: அமானத். அப்பயணத்தில் வழக்கத்தை மிஞ்சிய இலாபம் கிடைத்தது என்று ஸீரா நூல்கள் சொல்கின்றன. கூலி கூடியது, கூட்டிக் கொடுத்தவரும் இழக்கவில்லை.

கைப்பேசித் தரகின் உள்ளமைப்பு

கேட்கும் முறையைச் சொல்வதற்கு முன், இந்தப் புதிய தரகு எப்படி இயங்குகிறது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். அமேசான் நிறுவனம் 1996-ஆம் ஆண்டு 'அசோசியேட்ஸ்' என்ற பெயரில் இந்த ஏற்பாட்டைத் தொடங்கியது. சேருகின்ற ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் பொதிந்த இணைப்பு வழங்கப்படுகிறது. அந்த இணைப்பைத் தொட்டு உள்ளே சென்றவர் குறிப்பிட்ட காலத்திற்குள் பொருள் வாங்கினால் இணைப்பை அனுப்பியவருக்குக் கமிஷன் சேரும். அமேசானில் இக்காலம் பொதுவாக 24 மணி நேரம். சொந்த உபயோகத்துக்காகத் தம்முடைய இணைப்பின் வழியே தாமே வாங்கிக்கொண்டு கமிஷன் பெறுவதை அந்நிறுவனத்தின் விதிகள் அனுமதிப்பதில்லை. விதியை ஒப்புக்கொண்டு சேர்ந்துவிட்டு, வேறு பெயரில் வாங்கி ஏமாற்றுவது ஒப்பந்தத்தை முறிப்பதாகும். 'பெரிய கம்பெனிதானே' என்று இதில் சமாதானம் சொல்ல இடமில்லை.

இத்தகைய பெரிய நிறுவனங்களில் கமிஷன் விகிதத்தை அவர்களே பட்டியலிட்டு வெளியிடுகிறார்கள். சிறியவர் பேரம் பேச அங்கே வழியில்லை. அவர்கள் குறைத்தாலும் நாம் கேள்வி கேட்க இயலாது. 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் அறைகலன்களுக்கான விகிதத்தை 8-லிருந்து 3 விழுக்காடாகவும், மளிகைப் பொருள்களுக்கு 5-லிருந்து 1 விழுக்காடாகவும் குறைத்தது. அதை மட்டுமே நம்பியிருந்தோரின் வருவாய் அறிவிப்பு வெளியான சில நாள்களிலேயே சுருங்கிப் போயிற்று. ஒரே மடையை நம்பிய வயலுக்கு மடை அடைபட்டால் கதியில்லை. ஆகவே பேரத்துக்கு இடமுள்ள சிறு வியாபாரிகளையும் தேடிக்கொள்வது அறிவுடைமை. புர்கா தைத்து விற்கும் சகோதரி, அத்தர்க் கடைக்காரர், முந்திரிப் பருப்பு வியாபாரி, இஸ்லாமிய நூல் பதிப்பகத்தார் ஆகியோரிடம் நேரில் அமர்ந்து பேசலாம்.

எப்படிக் கேட்பது?

முதலில் எதிர்த்தரப்பின் கணக்கை அறிந்துகொள்ளுங்கள். ஒரு புர்காவின் விற்பனை விலை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். துணி, தையற்கூலி, தபாற்செலவு எல்லாம் சேர்ந்து 1,100 ரூபாய் ஆகிறது. மிஞ்சுவது 400 ரூபாய். இப்போது உங்களுக்கு 5 விழுக்காடு, அதாவது 75 ரூபாய் கிடைக்கிறது. 10 விழுக்காடு கேட்டால் 150 ரூபாய். விற்பவருக்கு 250 ரூபாய் நிற்கும். இது கேட்கத்தக்க கேள்வி. 25 விழுக்காடு கேட்டால் 375 ரூபாய். அவருக்கு 25 ரூபாய்தான் நிற்கும். அவர் அதற்கு ஒப்புக்கொண்டால், நிச்சயமாகத் துணியின் தரத்தில் கைவைப்பார். முடிவில் நட்டம் யாருக்கு? உங்கள் சொல்லை நம்பி வாங்கிய மாமிக்கும் சின்னம்மாவுக்கும்தான்.

இரண்டாவதாக, விகிதம் வேறு, வருவாய் வேறு என்பதை உணருங்கள். ஒரு கடைக்காரர் 10 விழுக்காடு தருகிறார். நீங்கள் அனுப்பும் 100 பேரில் 2 பேர்தான் அங்கே வாங்குகிறார்கள். ஆளுக்கு 1,000 ரூபாய்ப் பொருள் என்றால் உங்கள் கமிஷன் 200 ரூபாய். இன்னொருவர் 6 விழுக்காடுதான் தருகிறார்; பொருள் தரமாக இருப்பதால் 5 பேர் வாங்குகிறார்கள். உங்கள் கமிஷன் 300 ரூபாய். குறைந்த விகிதம் கூடுதல் வருவாய் தருகிறது. விகிதத்தை மட்டும் பார்த்து ஓடுபவர் இந்தக் கணக்கைத் தவறவிடுகிறார்.

மூன்றாவதாக, வேலையைக் காட்டிக் கூலியைக் கேளுங்கள். யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் பாதுகாப்பவர், அறிந்தவர் என்ற இரு தகுதிகளை எடுத்துரைத்ததை அல்குர்ஆனில் ஓதுகிறோம். வறுமையைச் சொல்லிக் கேட்கவில்லை. தகுதியைச் சொல்லிக் கேட்டார்கள். ஆகவே மூன்று மாதங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதி வாருங்கள். எத்தனை பேரை அனுப்பினோம், எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பொருள் திரும்பி வந்தது, மறுமுறை வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பவற்றைக் குறித்துக்கொண்டு, பெருநாள் விற்பனைக்கு முன்னதாகவே, நெருக்கடியில்லாத ஒரு நாளில் சென்று பேசுங்கள்.

"பாய், மூன்று மாதத்தில் என் வழியாக 60 உருப்படிகள் போயிருக்கின்றன. திரும்பி வந்தவை இரண்டே இரண்டு. இப்போது நூற்றுக்கு 6 தருகிறீர்கள். ரமலான் முதல் 8 ஆக்கித் தந்தால் எனக்கும் கட்டுபடியாகும். முடியாதென்றால் மாதம் 20-க்கு மேல் போகும் உருப்படிகளுக்காவது 8 தாருங்கள்" என்று கேட்பதில் எந்த இழிவும் இல்லை. 'எனக்குக் குடும்பம் இருக்கிறது, பார்த்துச் செய்யுங்கள்' என்று கேட்பது யாசகத்தின் சாயலுடையது. 'தராவிட்டால் உங்கள் சரக்கைப் பற்றி ஊரெல்லாம் சொல்வேன்' என்பது மிரட்டல். இரண்டையும் தவிர்த்திடுங்கள்.

நான்காவதாக, பொய்யான போட்டியைக் காட்டாதீர்கள். அடுத்த கடைக்காரர் உண்மையிலேயே 9 விழுக்காடு தர முன்வந்திருந்தால் அதைச் சொல்லலாம். வராத ஆளை வந்ததாகச் சொல்லி விகிதத்தை ஏற்றுவது பச்சைப் பொய். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடும் 'நஜ்ஷ்' என்னும் செயலை நபி (ஸல்) அவர்கள் தடை செய்திருப்பதை அறிந்தவர்கள், அதன் தம்பியைப் போன்ற இச்செயலையும் அஞ்ச வேண்டும். ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தில் இடையே புகுந்து கலைப்பதும் தடுக்கப்பட்டதே.

ஐந்தாவதாக, விகிதம் மட்டுமே கேட்கத்தக்கது அன்று. விகிதத்தைக் கூட்ட முடியாத வியாபாரியிடம், மாதம் ஒருமுறை தரும் பணத்தை இருவாரத்துக்கு ஒருமுறை கேட்கலாம். உங்கள் வழியே வருவோருக்கு மட்டும் ஒரு சிறு தள்ளுபடி கேட்கலாம். அத்தள்ளுபடியால் விற்பனை பெருகும். உங்கள் வருவாயும் தானே உயரும். உறவினருக்கும் நன்மை கிட்டும்.

எந்தக் கமிஷன் ஏன் உயர்ந்திருக்கிறது?

இங்கே ஓர் எச்சரிக்கை. கேட்காமலே உயர்ந்த கமிஷன் கிடைக்கும் இடத்தில் நின்று நிதானியுங்கள். நல்ல அரிசிக்கும் நல்ல நூலுக்கும் யாரும் அள்ளிக் கொடுப்பதில்லை. அவற்றில் அவ்வளவு இலாபம் கிடையாது. வட்டிக்குக் கடன் கொடுக்கும் செயலிகளும், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களும்தான் ஆள் பிடித்துத் தருபவருக்குத் தாராளமாகக் கொடுத்து வந்தன. அந்தத் தாராளம் யாருடைய கண்ணீரிலிருந்து வருகிறது என்பதைச் சிந்தியுங்கள். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையும் அவற்றுக்கு விளம்பரம் செய்வதையும் தடை செய்து 2025 ஆகஸ்டில் நடுவண் அரசே சட்டம் இயற்றியது. பாவத்துக்குத் துணைபோவதை விலக்கிய மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு அந்தச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை.

ஆள் சேர்த்தால் கமிஷன், அவர்கள் ஆள் சேர்த்தால் மேலும் கமிஷன் என்னும் சங்கிலித் திட்டங்களும் அவ்வாறே. 1978-ஆம் ஆண்டிலேயே பணச்சுழற்சித் திட்டங்களைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. 2021 டிசம்பரில் வெளியான நேரடி விற்பனை விதிகளும் இத்தகைய கூம்புத் திட்டங்களைத் தடுத்தன. பொருள் விற்பதால் வரும் கூலிக்கும், ஆள் சேர்ப்பதால் வரும் பணத்துக்கும் உள்ள வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். சேருவதற்கே பணம் கட்டச் சொன்னால், அங்கே விற்கப்படும் சரக்கு நீங்களே என்று அறிந்துகொள்ளுங்கள்.

மறைக்கப்பட்ட கமிஷன்

இவையெல்லாவற்றினும் நம் ஊர்களை அதிகம் பாதிப்பது மறைக்கப்பட்ட கமிஷன். லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் வெளிநாட்டில் உழைப்போரின் பணத்தில் வீடு எழும்புகிறது. கணவர் வளைகுடாவில், மேற்பார்வை மனைவியிடம் அல்லது முதிய அத்தாவிடம். கட்டட மேஸ்திரி ஒரு குறிப்பிட்ட கடையில்தான் சிமெண்ட்டும் கம்பியும் டைல்ஸும் வாங்க வேண்டும் என்கிறார். அரியலூரில் ஆலைகள் வரிசையாக நின்று சிமெண்ட் உற்பத்தி செய்யும் வட்டாரத்தில், பல கடைகளில் விலை விசாரிக்க வழியிருந்தும், அந்த ஒரு கடைக்கே பணம் போகிறது. கடைக்காரர் மேஸ்திரிக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார். அந்தத் தொகை விலையில் ஏற்றப்பட்டு, பாலைவன வெயிலில் உழைத்தவரின் பணத்திலிருந்தே கழிகிறது. அவருக்கோ அது தெரியாது.

மேஸ்திரி ஏற்கெனவே வீட்டுக்காரரிடம் கூலி பெறுபவர். வீட்டுக்காரரின் நலன் காக்க அமர்த்தப்பட்டவர். அவர் மறைவாக மறுதரப்பிடம் பெறுவது அமானத்துக்கு மோசடி. ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர், இது பொதுச் சொத்து, இது எனக்கு வந்த அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டியபோது, அவர் தம் பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது. பள்ளிவாசல் கட்டுமானத்துக்குப் பொருள் வாங்குவோரும், மதரஸாவுக்குப் புத்தகம் வாங்குவோரும், நிறுவனங்களில் கொள்முதல் பார்ப்போரும் இந்தக் கேள்வியைத் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெங்காயப் பட்டறைக்கு நேரே சென்று, திருச்சி மண்டியின் அன்றைய விலையை மறைத்து, அடிமாட்டு விலைக்குப் பேசி முடிக்கும் தரகருக்கும் இது பொருந்தும். சந்தைக்கு வரும் சரக்கை வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து விலையறிந்தபின் வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமையையும் வழங்கினார்கள். அறியாதவரின் அறியாமையை விலையாக்குவதே இங்கே குற்றம்.

அப்படியானால் கைப்பேசித் தரகர் என்ன செய்ய வேண்டும்? இணைப்பை அனுப்பும்போதே, 'இதன் வழியே நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்' என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனிலும், நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பரிந்துரை செய்பவருக்கும் விற்பவருக்கும் உள்ள பணத் தொடர்பைத் தெளிவாக வெளியிட வேண்டும் என்கின்றன. ஈரத் தானியத்தை உள்ளே வைத்து உலர்ந்ததை மேலே பரப்பியவரிடம், மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். கமிஷனை மறைப்பதும் ஈரத்தை மறைப்பதே. சொல்லிவிட்டால் விற்பனை குறையும் என அஞ்ச வேண்டாம். சொல்லிவிட்டுப் பெறும் பத்து ரூபாய், தெரியவந்தபின் இழக்கும் நம்பிக்கையைவிட விலை மிக்கது.

எழுதிக்கொள்ளுங்கள்

கமிஷன் தொடர்பான மனக்கசப்புகளில் பல, பேச்சு தெளிவில்லாததால் விளைபவை. ஓர் உதாரணம்: மாதம் 20 உருப்படி வரை 6 விழுக்காடு, அதற்குமேல் 8 விழுக்காடு என்று பேசியாயிற்று. 1,500 ரூபாய் விலையுள்ள 30 உருப்படிகள் விற்றுவிட்டன. முதல் 20-க்கு 6 விழுக்காடும் அடுத்த 10-க்கு 8 விழுக்காடும் என்றால் 3,000 ரூபாய். முப்பதுக்கும் 8 விழுக்காடு என்றால் 3,600 ரூபாய். ஒரே பேச்சுக்கு இரண்டு பொருள். இடையே 600 ரூபாய். நட்பு முறிய இதுவே போதும். ஒப்பந்தங்களில் இத்தகைய தெளிவின்மையைத்தான் மார்க்கம் விலக்குகிறது.

கடன் ஒப்பந்தத்தை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் விரிவாகக் கற்றுத்தருகிறது. மத்யனில் மூஸா (அலை) அவர்களின் ஊழியக் காலம் எட்டு ஆண்டுகள், விரும்பினால் பத்து என்று தொடங்குமுன்பே பேசி முடிக்கப்பட்டதை 28-ஆம் அத்தியாயத்தில் காண்கிறோம். நீங்களும் ஒரு தாளில் எழுதுங்கள்: விகிதம் எவ்வளவு, எந்த விலையின் மீது, பொருள் திரும்பி வந்தால் கமிஷன் திரும்பப் பெறப்படுமா, பணம் எந்தத் தேதியில், விகிதத்தை மாற்றினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு. இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். சொந்த மச்சானாக இருந்தாலும் இதில் வெட்கம் வேண்டாம். எழுத்து என்பது சந்தேகத்தின் அடையாளம் அன்று. உறவைக் காக்கும் வேலி.

வருமான வரியையும் கணக்கில் கொள்ளுங்கள். கமிஷனில் பிடித்தம் செய்யப்படும் வரி, 2024 அக்டோபர் முதல் 5 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பான் எண்ணைக் கொடுக்காதவருக்குப் பிடித்தம் பன்மடங்காகும். எனவே கையில் வருவது எவ்வளவு என்பதைப் பார்த்தே பேரத்தை முடிவு செய்யுங்கள். சேமிப்பு நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்தால் நூற்றுக்கு இரண்டரை ஸகாத் கடமை என்பதையும் மறந்துவிடலாகாது.

அன்புச் சகோதரிகளே, சகோதரர்களே! உழைப்புக்கேற்ற கூலியைக் கேளுங்கள், தலைநிமிர்ந்து கேளுங்கள். கேட்ட பின் கிடைக்காவிட்டால் நன்றி கூறி விலகும் உரிமையும் உங்களுக்கு உண்டு. ஆனால் உங்களிடம் வாங்குபவர், பெரும்பாலும், உங்கள் முகத்துக்காகவே வாங்குகிறார் என்பதை நினைவில் வையுங்கள். முதல்தடவை அவர் வாங்குவது பொருளை அன்று, உங்கள் சொல்லை. அந்தச் சொல்லின் விலையை எந்தக் கடைக்காரராலும் நூற்றுக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்க முடியாது. அதை விற்றுவிட்டால் திரும்ப வாங்கவும் முடியாது.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஜ்கையும், அதில் நிறைவான பரக்கத்தையும், கொடுக்கல் வாங்கலில் தூய்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.